வில்லியனூர், பாகூர்ச் சிற்றூர்களில் கல்லுப்பு: வழக்கும் உடல்நலமும்

அறுசுவையுள் ஏனைய ஐந்தும் காயிலும் கனியிலும் இலையிலும் வேரிலும் இயல்பாக அமைந்து கிடப்பன. உவர்ப்பு ஒன்றே, பெரும்பாலும், கடலினின்றோ நிலத்தினின்றோ தனியே எடுத்து உணவில் இடப்படுவது. ஆதலின் உப்பை விளைப்போரும், சுமந்து விற்போரும், அளந்து இடுவோரும் நம் பழைய வாழ்வில் தனியிடம் பெற்று விளங்கினர். புதுவையின் ஊரகக் கொம்யூன்களாகிய வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் இன்றும் அடுப்பங்கரையின் ஒரு மூலையில் உப்புச் சாடி தவறாது இருக்கக் காண்கிறோம். அதனுள் இருப்பது பெரும்பாலும் கல்லுப்பே. புதுமனை புகுவார் முதற்கண் எடுத்துச் செல்லும் பொருள்களுள் மஞ்சளோடு அதுவும் ஒன்று.

அண்மைக் காலத்தே இக்கல்லுப்பைப் பற்றிய ஒரு கருத்து பரவி வருகிறது. ஆலையில் தூய்மை செய்யப்பெற்ற தூளுப்பு உடலுக்குத் தீது என்றும், கடலில் விளைந்தவாறே உள்ள உப்பில் தாதுப் பொருள்கள் பல உளவாதலின் அதுவே நன்று என்றும், முன்னோர் நோயின்றி வாழ்ந்தமைக்கு அதுவே காரணம் என்றும் கூறுவர். இக்கூற்றில் மெய் எத்துணை, மிகை எத்துணை என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயுங்கால், முன்னோர் வழக்கென்று இன்று கூறப்படுவதும் முன்னோர் உண்மையிற் செய்ததும் ஒன்றல்ல என்பது புலனாகும்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுவாம். உவர் என்பது உப்புத் தன்மையையும் உப்புப் பூத்த நிலத்தையும் குறிக்கும். உப்பு விளையும் இடம் அளம். உப்பு வணிகர் உமணர். அவர்தம் மகளிர் உமட்டியர். சங்க நூல்களில் உமணர் வண்டிகள் காடும் மலையும் கடந்து உள்நாட்டிற்குச் செல்லும் காட்சிகள் பல. உப்புக்கு மாறாக நெல் பெறப்பட்டது என்பதும் அந்நூல்களால் அறியப்படும். சம்பளம் என்னும் சொல்லைச் சம்பா, அளம் எனப் பிரித்து, நெல்லும் உப்பும் கூலியாகத் தரப்பட்டமையால் அப்பெயர் வந்தது என்று உரைப்பாரும் உளர். கேட்பதற்கு இனிதாயினும், வழிச்செலவுக்குரிய பொருளைக் குறிக்கும் சம்பல என்னும் சொல் வடமொழியில் உண்மையின், அவ்விளக்கத்தை முடிந்த முடிபாகக் கொள்ள யாம் துணியோம்.

இப்பகுதிக்கு அணித்தாக உள்ள பழைய உப்பு நிலம் புதுவைக்கு வடக்கே அமைந்த மரக்காணம். சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்குரியதாகப் பேசப்படும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுவர். அந்நூலில் உமணர் மக்களோடு மந்தி ஒன்று கிலுகிலி ஆடி மகிழும் காட்சி உண்டு. மரக்காணத்தில் இன்றும் உப்புப் பாத்திகள் உள்ளன. தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வருமுன் அறுவடை முடியும்.

புதுவையிலும் ஒரு காலத்தில் உப்பளங்கள் இருந்தன. நகரின் தென்பால் உப்பளம் என்றே ஒரு பகுதி இன்றும் வழங்கி வருதல் காண்க. அளம் மறைந்தும் பெயர் நின்றமைக்குக் காரணம் யாது? நெப்போலியனோடு நடந்த போர்கள் ஓய்ந்த காலத்து, 1815ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இலண்டனில் ஓர் ஒப்பந்தம் செய்தனர். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவைக்குப் போக எஞ்சியதனை வாங்கும் உரிமை ஆங்கிலேயர்க்கே ஆயிற்று. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் தர அவர்கள் இசைந்தனர். 1818ஆம் ஆண்டு மேத் திங்களில் மற்றோர் ஒப்பந்தம் எழுந்தது. அதன்படிப் பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைத்தலே நிறுத்தப்பட்டது. அளங்களின் உடைமையாளர்க்கு ஆண்டுதோறும் 4,000 வராகன் வழங்கவும், மக்களுக்கு வேண்டும் உப்பை அடக்க விலையில் ஆங்கிலேயர் அளிக்கவும் ஏற்பாடாயிற்று. பிரெஞ்சு எல்லைக்குள் மலிவாக விளையும் உப்பு, வரியின்றி ஆங்கில எல்லைக்குள் நுழைந்துவிடுமே என்னும் அச்சமே இவற்றின் அடிப்படை. புதுவைச் சிற்றூர்கள் தொடர்ச்சியான நிலப்பரப்பாக அமையாது, ஆங்கிலேயர் ஊர்களோடு இடையிட்டுக் கிடந்தமையால் அவ்வச்சம் பெரிதாயிற்று.

இவ்வரலாற்றை ஈண்டு விரித்தமைக்குக் காரணம் உண்டு. வில்லியனூரார், பாகூரார் முன்னோர் உண்ட உப்பு தம் ஊர்க் கடற்கரையில் தாமே வாரிக்கொண்ட உப்பு என்று எண்ணுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பொறுத்தவரை பொருந்தாது. அது பிறர் அளத்தில் விளைந்து, குவியலாகக் கிடந்து, அரசின் கை வழியாக வந்து சேர்ந்த உப்பு. 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் 30இல் இராசாசி தலைமையில் வேதாரணியத்தில் தொண்டர்கள் உப்பெடுத்த பின்னர், கடலுப்பின்மேல் தமிழர்க்கு ஒரு பற்று வேரூன்றியது. அப்பற்று மதிக்கத்தக்கதே. ஆயினும் நாட்டுப்பற்றும் உணவியலும் வேறு வேறு.

இனி உப்பு விளையும் முறையை நோக்குவாம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. அவற்றுள் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேற்பட்டது சோடியம் குளோரைடு என்னும் கறியுப்பு. எஞ்சியவற்றுள் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள் சிறப்புடையன. பாத்தியில் நீர் வற்றுங்கால் இவை யாவும் ஒருங்கே படிவதில்லை. முதலில் சுண்ணம் படியும். அடுத்து உறைகளிக்கல் என்னும் சிப்சம் படியும். நீர் பத்தில் ஒரு பங்காகக் குறுகி, பாமே என்னும் அடர்த்தி அளவையில் 25 பாகையை எட்டும்போது கறியுப்பு மணிமணியாக இறங்கத் தொடங்கும். 29, 30 பாகையளவில் உப்பை வாரிவிட்டு, எஞ்சிய கைப்பு நீரை வெளியேற்றிவிடுவர். மக்னீசியமும் பொட்டாசியமும் மிகுதியாக இருப்பது அக்கைப்பு நீரிலேதான். அதனை வெளியேற்றாமல் வற்றவிட்டால் உப்பு கசக்கும், விலை போகாது.

வாரிய உப்பை உடனே உண்பதும் வழக்கமன்று. கரையில் அம்பாரமாகக் குவித்து வைப்பர். மணிகளில் ஒட்டியுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தானே நீராகி வடிந்துவிடும். வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. கார் காலத்தில் சாடியின் அடியில் நீர் ஊறி நிற்றலை இல்லத்தரசியர் அனைவரும் அறிவர். அந்நீரைக் கொட்டிவிடுவதே வழக்கம். இனி, உப்பை நீரில் கரைத்து, மண்ணும் தூசும் அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் குழம்பில் ஊற்றுதலும் உண்டு. ஆகவே அளத்தில் ஒரு முறை, அம்பாரத்தில் ஒரு முறை, அடுப்பங்கரையில் ஒரு முறை என மும்முறை தூய்மை செய்தே நம் முன்னோர் உப்பை உண்டனர். தூய்மை செய்யா உப்பு என்பது அவர்தம் உணவில் இருந்ததில்லை. ஆலை செய்வது அத்தொழிலையே மேலும் நுட்பமாகச் செய்தல்.

சித்த மருத்துவ நூல்களும் இதற்குச் சான்றாகும். இந்துப்பு, கல்லுப்பு, கறியுப்பு, வளையலுப்பு, வெடியுப்பு என உப்பை ஐவகைப்படுத்துவது ஒரு மரபு. நூலுக்கு நூல் இப்பட்டியல் சிறிது வேறுபடும். எவ்வகைப்படுத்தினும் மருந்திற் சேர்க்குமுன் ஒவ்வொன்றையும் சுத்தி செய்யவேண்டும் என்பது பொதுவிதி. கரைத்து, வடித்து, மீண்டும் உறையச் செய்தல் அச்சுத்தி முறைகளுள் ஒன்று. இந்துப்பு சிந்து நாட்டுப் பக்கத்துப் பாறைகளில் வெட்டி எடுக்கப்படுவது. அது நம் ஊர்க் கடைகளில் இன்று உயர்ந்த விலைக்கு விற்கப்படுவதும் மருந்து என்னும் பெயராலேயே. நாட்டு மருந்துக்குரிய சிட்டிகை அளவை நாளும் குழம்புக்குரிய அளவாக மாற்றிக்கொள்ளுதற்கு அம்மருத்துவ நூல்கள் இடந்தருவனவல்ல.

கல்லுப்பில் உள்ள தாதுப் பொருள்களால் உடலுக்குப் பயன் யாது என்பதே அடுத்த வினா. கணக்கிட்டுக் காண்டல் எளிது. நாளொன்றுக்கு ஒருவர் 5 கிராம் உப்பு உண்பதாகவும், அதில் மக்னீசியம் நூற்றுக்கு அரைப்பங்கு இருப்பதாகவும் தாராளமாகவே கொள்வோம். கிடைப்பது 25 மில்லிகிராம். ஒருவர்க்கு நாளும் வேண்டுவதோ 300 மில்லிகிராமுக்கு மேல். மாறாக, 100 கிராம் கேழ்வரகில் மக்னீசியம் நூறு மில்லிகிராமுக்கு மேலும், கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேலும் உள்ளன. கல்லுப்பு இட்ட கேழ்வரகுக் கூழ் உழவர்க்கு வலிமை தந்தது என்றால், அவ்வலிமையைத் தந்தது கூழே. உப்பு அதனை உண்ணச் செய்தது. இதனைச் சொல்லுதல் உப்பைப் பழித்தல் ஆகாது. உண்ணச் செய்தலே அதன் பெருந்தொழில். பாகூர் புதுவையின் நெற்களஞ்சியம் எனப்படுவது. அங்குக் கூழின் இடத்தை அரிசிச் சோறு பெரிதும் கவர்ந்துகொண்டது. தீட்டிய வெள்ளரிசியில் இத்தாதுக்கள் குறைவு. இழந்த கேழ்வரகை உப்புக்கல்லில் தேடுதல் பயன் தராது.

தூளுப்பைக் கட்டியாகாது காக்கச் சேர்க்கப்படும் பொட்டாசியம் பெரோசயனைடு நஞ்சு என்றும் ஓர் அச்சம் உலவுகிறது. பெயரில் சயனைடு இருப்பினும் அது இரும்போடு இறுகப் பிணைந்திருத்தலின், விதித்துள்ள மிகச் சிறிய அளவில் தீங்கு செய்யாது. கடலுப்பைப் பற்றி அஞ்சவேண்டுவதும் ஒன்று உண்டு. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியக் கடலுப்பு வகைகளில் கண்ணுக்குப் புலனாகா நெகிழித் துகள்கள் காணப்பட்டன. உப்பு விளைக்குமுன் கடல் நீரை மணலில் வடிகட்டினாலே அவற்றின் பெரும்பகுதி நீங்கும் என்றும் அவ்வாய்வாளர் காட்டினர்.

உப்பின் தீங்கு மிகுதியும் அதன் அளவைப் பற்றியது. கறியுப்பின் எடையில் நூற்றுக்கு 40 பங்கு சோடியம். கல்லுப்பிலும் அது பெரிதும் குறைவதில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டி. 32 நாடுகளில் 52 இடங்களில் பதினாயிரவர்க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 1988இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, உப்பு மிகுதிக்கும் குருதி அழுத்தத்திற்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியது. கல்லுப்பு உண்போர்க்கு இதில் விலக்கு இல்லை. திருவள்ளுவர் ஊடலின் அளவை உணர்த்த உப்பின் அளவையே உவமையாக எடுத்தாண்டார். அளவோடமைந்த உப்புப் போன்றது ஊடல். சிறிது நீளினும் உப்பு மிகுந்தாற் போலும் என்பது அவர் கருத்து. உப்பின் மிகை நாவுக்கே புலப்படும் என்பது அவர் காலத்து உணவுக்குப் பொருந்தும். இன்று மிகும் உப்பு நாவுக்கு மறைவாக வருகிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல், கடைப் பலகாரம், பொட்டலத் தின்பண்டம் ஆகியவற்றின் வழி உட்புகும் உப்பு குழம்பில் இட்ட உப்போடு சேர்ந்து கணக்கை மீறிவிடுகிறது. குழம்புக்குக் கல்லுப்பு இடுவதனால் இக்கூடுதல் குறையப்போவதில்லை.

பாகூர்க் கொம்யூனைச் சார்ந்த நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் முதலிய கடலோர ஊர்களில் கருவாடும் இக்கணக்கில் சேரும். கருவாட்டுத் தொழிலில் உப்பின் தூய்மை எத்துணை வேண்டப்படுவது என்பது வேளாண் ஊரார் பலர் அறியாதது. உப்பில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தால் அது மீன் தசைக்குள் விரைந்து ஊறாது; ஊறுமுன் உட்புறம் கெடலாம். கருவாடு வெளுத்து, எளிதில் உடைந்து, கசப்பும் தட்டும். வெயிலில் விளைந்த உப்போடு வரும் உப்பு விரும்பி நுண்ணுயிர்கள் சில நாள்களில் கருவாட்டின்மேல் செந்நிறமாகப் பூத்துக் கெடுத்துவிடும். தூய உப்பே கருவாட்டுக்கு ஏற்றது. கருவாட்டை உண்ணுமுன் வெந்நீரில் ஊறவைத்து நீரை வடித்துவிட்டால் உப்பில் ஒரு பகுதி நீங்கும். மீனவ மகளிர் இதனைச் சுவைக்காகவே செய்வர். குருதி அழுத்தம் உடையார்க்கு அது நன்மையும் தரும்.

உப்பு அறவே தீது என்பாரும் தவறுவர். வெயிலில் நாற்று நடுவோரும் அறுப்போரும் வியர்வை வழியே உப்பை இழக்கின்றனர். நீராகாரமும் உப்பிட்ட மோரும் அவர்க்கு ஏற்ற குடிநீர். வயிற்றுப்போக்கில் உப்பின் சிறப்பு இன்னும் பெரிது. 1971இல் வங்கதேச அகதிகள் தங்கிய முகாமில் திலீப் மகலானபிசு என்னும் மருத்துவர், நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்த நிலையில், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கச் செய்து வாந்திபேதியால் இறப்போர் தொகையைப் பெரிதும் குறைத்தார். இன்று உலகெங்கும் வழங்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் பரவலுக்கு அது வழி செய்தது. வீட்டில் இதனைச் செய்வதாயின், ஒரு லிட்டர் தூய நீருக்கு மட்டமான அரைத் தேக்கரண்டித் தூளுப்பும் ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அளவு. ஈண்டுக் கல்லுப்பை அளவையாகக் கொள்ளல் ஆகாது. கற்கள் பெரிதும் சிறிதுமாக இருத்தலின் ஒரு கரண்டியில் அடங்கும் உப்பு நிலையாக இராது. குழம்பில் இவ்வேறுபாட்டை நாக்கு திருத்திக்கொள்ளும். குழந்தைக்குத் தரும் நீரில் அது தீங்காக முடியலாம். நலவாழ்வு நிலையங்களில் கிடைக்கும் பொட்டலக் கரைசலே சிறந்தது.

கல்லுப்பைப் பற்றிய ஆராய்ச்சியில் யாம் மிகவும் கருதுவது அயோடினை. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி இதனைக்கொண்டே தன் சுரப்பை ஆக்குகிறது. அயோடின் குறையின் கழுத்துக் கழலை தோன்றும். கருவுற்ற தாய்க்குக் குறையின் பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றும். அக்குறை பின்னர் எம்மருந்தாலும் முற்றும் நீங்குவதன்று. வளர்ந்தோர்க்கு நாளும் 150 மைக்ரோகிராமும், கருவுற்றோர்க்கு 250 மைக்ரோகிராமும் வேண்டும்.

கடலில் அயோடின் உண்டு. ஆகவே கடலுப்பிலும் அது இருக்கும் என்று மக்கள் கருதுவர். இயல்பான எண்ணமே, ஆனால் பொருந்தாது. கடல் நீரில் உள்ள அயோடின் லிட்டருக்கு ஏறத்தாழ 50, 60 மைக்ரோகிராமே. அச்சிறு அளவும் உப்பு உறையுங்கால் மணியில் சேராது கைப்பு நீரிலேயே பெரிதும் தங்கிவிடுகிறது. கடலோரத்தார்க்கு இக்குறை வாராது என்பதும் உறுதியன்று. இந்தியாவில் ஆய்ந்த மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள் எவையும் அயோடின் குறையினின்று முற்றிலும் விடுபட்டவை அல்ல. கடல் மீன் நாளும் உண்போர்க்கு ஓரளவு கிடைக்கலாம். வில்லியனூர்ப் பக்கத்து உள்ளூர்களில் சோறும் காயும் உண்டு வாழ்வோர்க்கு அவ்வாய்ப்பும் குறைவு.

இமயமலை அடிவாரத்துக் காங்கிராப் பள்ளத்தாக்கில் இராமலிங்கசுவாமியும் உடனாய்வாளரும் 1956இல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தலால் கழலை குறைதலை நிறுவியது. அதன் பின் 1962இல் நாட்டுக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் எழுந்தது; 1992இல் அத்திட்டம் பெயர் மாறியது. நேரடியாக உண்ணும் உப்பில் அயோடின் கட்டாயம் என்னும் விதி 2000இல் நீக்கப்பட்டு, 2006 மேத் திங்களில் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. உப்பு விளையும் நாடாகிய தமிழகம் அயோடின் உப்பைப் பயன்படுத்துவதில் நெடுங்காலம் பின்தங்கி இருந்தது. விளையும் இடத்திற்கு அணிமையில் அயோடின் சேராத உப்பு மலிவாகக் கிடைத்தமையும், கல்லுப்பின்மேல் உள்ள பற்றும் அதற்குக் காரணங்கள். உப்புக்குக் குறைவில்லாத ஊரிலேயே உப்பால் வரவேண்டிய நன்மை சேராது போதல் வியப்பே.

இதற்காகக் கல்லுப்பைக் கைவிடவேண்டும் என்பதன்று எம் கருத்து. கல்லுப்பிலும் அயோடின் சேர்க்கலாம். சேர்த்து விற்கவும் படுகிறது. வாங்குவோர் கைக்கு வருங்கால் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்குக் குறையாது இருத்தல் வேண்டும் என்பது விதி. பொட்டலத்தின்மேல் அச்சொல் உள்ளதா என்று பார்த்து வாங்கினால் போதும். ஆயினும் நம் வீட்டு வழக்கம் ஒன்று ஈண்டு இடர் செய்கிறது. அயோடின் கல்லின் மேற்பரப்பில் தெளிக்கப்பெற்றது. பழைய பழக்கத்தால் கல்லுப்பைக் கழுவி, அந்நீரைக் கொட்டிவிட்டால் அயோடினும் அதனோடு போய்விடும். சாடியடியில் ஊறிய நீரைக் கொட்டுதலாலும் இவ்விழப்பு நேரும். மண் கலந்த உப்பு வந்த காலத்தில் கழுவுதல் அறிவுடைமை. தூய்மை செய்து அடைத்து வரும் உப்பைக் கழுவத் தேவையில்லை. ஐயம் இருப்பின் கரைத்துத் தெளிந்த நீர் முழுவதையும் உணவிலேயே சேர்த்துக்கொள்ளலாம். திறந்த மரவையில் அடுப்பருகே வைத்தல் ஆகாது. மூடியுள்ள பீங்கான் சாடியில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, குழம்பு இறக்குந் தறுவாயில் இட்டால் இழப்புக் குறையும்.

குருதி அழுத்தம் உடையார் அயோடினுக்காக உப்பை மிகுதியாக உண்ணுதல் வேண்டா. அளவான உப்பிலேயே அது கிடைக்குமாறு வகுக்கப்பட்டுள்ளது. உப்பில் ஒரு பகுதியைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றும் முறையும் இன்று ஆராயப்படுகிறது. சீனத்தின் 600 சிற்றூர்களில் ஏறத்தாழ 21,000 பேரிடத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், காற்பங்கு அவ்வாறு மாற்றிய உப்பை உண்டோர்க்குப் பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. ஆராயப்பட்டோர் முன்னர்ப் பக்கவாதம் கண்டோரும், அறுபது அகவை கடந்து குருதி அழுத்தம் உடையோரும் ஆவர். சிறுநீரக நோயுடையார்க்கு இவ்வுப்பு ஆகாது; அதனால் மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி உண்ணத்தக்கதன்று. வில்லியனூர்க் கொம்யூனைச் சார்ந்த இராமநாதபுரத்தில் ஜிப்மர் மருத்துவக் கல்வி நிலையத்தின் ஊரக நல மையம் உளது. குருதி அழுத்தத்தை அளந்து காணவும், எவ்வுப்பு எவர்க்கு ஏற்றது எனக் கேட்டறியவும் சுற்றுவட்டத்து ஊரார் அதனையும் அவ்வவ்வூர் ஆரம்ப நலவாழ்வு நிலையங்களையும் நாடலாம்.